நன்றாகத்தான் சாப்பிடுகிறாள்

"நன்றாகத்தான் சாப்பிடுகிறாள்" என்றார் எலிசேயோ கார்க்கமோ,
உள்ளே வந்த பிறகும் தொப்பியை
ஒரு கையால் அழுத்திக்கொண்டு.
புந்தா அரேனாஸில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்,
காற்றை யாரும் நம்புவதில்லை.
"வாய் மட்டும் கொஞ்சம் நாறுகிறது.
நண்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான்.
எனக்கே நாறுகிறது என்றால் பாருங்கள்."

கூடைக்குள் கால்செத்தா.
உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காலில் மட்டும் வெள்ளை,
அதனால் காலுறை என்று பெயர்.
சீறவில்லை. பிறாண்டவில்லை.
குர்ர் குர்ரென்று தொண்டைக்குள் ஒரு சின்ன மோட்டார்.
"பாருங்கள், சந்தோஷமாக இருக்கிறாள்."
டாக்டர் டானிட்சா பதில் சொல்லாமல்
உதட்டை மெல்லத் தூக்கினாள்.

மூச்சை எண்ணுவது என் வேலை.
குழாயில் மயக்க வாயு, நாக்கில் ஒரு கிளிப்,
நிமிடத்துக்குப் பதினான்கு, பதினான்கு, பன்னிரண்டு.
பாதத்தைக் கிள்ளினேன். அசைவில்லை.
காதைச் சுண்டினேன். இல்லை.
கீழ்க் கடைவாய்ப் பல்லின் கழுத்தில் கிடந்த குழியை
டாக்டரின் கம்பி தொட்டதுதான் தாமதம்,
தாடை நடுங்கியது,
டகடகடகவென்று,
கண்ணாடிக்கு அப்பால் குருவியைக் கண்டதுபோல.
எல்லாரும் உறங்கிவிட்ட வீட்டில்
ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் அணைந்தது.

எக்ஸ்ரேயில் வேர்களைத் தேடினோம்.
சில இருந்தன.
சில, தேநீரில் விழுந்த சர்க்கரைக் கட்டியின்
கடைசி நிமிஷம்.
உடம்பு தன் பல்லைத் தானே தின்றுகொண்டிருக்கிறது,
ஏனென்று இன்னும் சரியாகத் தெரியாது என்றாள் டானிட்சா.
தெரியாததைச் சொல்லும்போது அவள் குரல்
எப்போதும் ஒரு படி இறங்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்கிறோமே,
வலிப்பதே பல் என்றால் எதைக் கடிப்பது?
கால்செத்தா வழி கண்டுபிடித்திருந்தாள்:
எதையும் கடிக்காமல் இருப்பது.
தீனியை முழுசு முழுசாக விழுங்கி
கிண்ணத்தை நக்கிக் காலி செய்து
இரண்டு வருஷம் ஒரு மனிதரை
நிம்மதியாகத் தூங்க விட்டிருக்கிறாள்.

மூன்று மணி நேரம். இருபத்தாறு பல்.
மீதி நான்கு முன்பே எங்கேயோ போயிருந்தன.
ஜலசந்திக் காற்று வெளியே
பெயர்ப்பலகையை அறைந்துகொண்டேயிருக்க
கரையும் நூலால் ஈறுகளை இழுத்து இழுத்துத் தைத்தாள்.
காலுறை கிழிந்தால் தைக்க வேண்டியதுதான் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
மறுநாள் டீ குடிக்கும்போது சிரித்தாள் டானிட்சா, திடீரென்று.

பற்களைக் கேட்டார் எலிசேயோ.
மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன்.
ஜன்னலுக்கு நேரே பிடித்து
நொய்யரிசி போலக் கிடந்ததைக் குலுக்கி
"எது?" என்றார்.
எது வலித்தது என்று கேட்கிறார் எனப் புரிய
எனக்குக் கொஞ்சம் நேரமானது.
நானும் குனிந்து பார்த்தேன்.

கட்டணம் நான்கு தவணை. மூன்றாவதோடு
செய்தித்தாளில் சுற்றிய ஒரு நண்டும் வந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவளுக்குப் போன பிறகுதான் வந்தது.
ஒன்பதாம் நாள் விடிகாலை ஐந்துக்கு
தலைமாட்டில் நின்று கத்தினாளாம், தெருவே எழும்படி.
போர்வைக்குள் நெளிந்த கால் கட்டைவிரலைப்
பாய்ந்து கவ்வினாளாம்,
ஈரமாய், வழவழவென்று.
"என்னைக் கடிக்கிறாள்" என்று போனில் புகார் சொன்னார்.
நடுவில் குரல் அறுந்தது.
லைன் சரியில்லை, காற்று என்றார்.
அன்று காற்றே இல்லை.

ராத்திரி வீட்டில்
என் நாய் ஞாந்தூவை மடியில் சாய்த்து
கோழி மணக்கும் பசையை விரலில் எடுக்கிறேன்.
பிரஷ்ஷைத் தின்னப் பார்க்கிறான்,
வாலால் காபிக் கோப்பையைத் தட்டிவிடுகிறான்.
நன்றாகத்தான் சாப்பிடுகிறான்.
விளக்கை இன்னும் கொஞ்சம்
பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன்.